உட்புற ஸ்கேன் புரோப் ஒன்றே ஒன்று. வரிசையில் பத்துப் பேர்: கிருமிநீக்கத்தை எப்படிச் செய்வது?

சித்தூர்ப்புழை, மார்ச் 3, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், ஒரு சிறிய ஸ்கேன் மையத்தில் பதினோரு ஆண்டுகளாக மருத்துவருக்கு உதவியாளராக வேலை செய்கிறேன். எங்களிடம் உள்ளது ஒரே இயந்திரம். உடலில் வைத்துப் பார்க்கும் கைக்கருவியான புரோப் மூன்று: வயிற்றுக்கு ஒரு கான்வெக்ஸ் புரோப், கழுத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் ஒரு லீனியர் புரோப், பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாக உள்ளே வைத்துப் பார்ப்பதற்கு டி.வி.எஸ். புரோப் ஒன்று. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவதால் காலை வேளையில் உட்புறப் பரிசோதனை மட்டுமே எட்டிலிருந்து பத்து வரை இருக்கும்.

இத்தனை நாளும் நாங்கள் செய்துவந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பரிசோதனை முடிந்ததும் புரோபுக்கு உறையாகப் போட்ட ஆணுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, டிஷ்யூ தாளால் ஜெல்லைத் துடைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த காஸ் துணியால் ஒருமுறை இழுத்துத் துடைப்போம், அடுத்தவரைக் கூப்பிடுவோம். மாலையில் மையத்தைச் சாத்துவதற்கு முன் பச்சை நிறக் கிருமிநீக்கத் திரவத்தில் இருபது நிமிடம் ஊறவைப்போம். எனக்கு முன்னால் இருந்தவர் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

போன வாரம் டி.வி.எஸ். புரோபின் நுனி மஞ்சள் பூத்திருப்பதையும், திரையில் நெடுக்காக ஒரு கறுப்புக் கோடு விழுவதையும் மருத்துவர் கவனித்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்த பழுது பார்ப்பவர் நுனியை நகத்தால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, “ஸ்பிரிட் போடுகிறீர்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் வேறெதுவும் சொல்லவில்லை. மாற்றுப் புரோபுக்கான விலைப்பட்டியலை மட்டும் அனுப்பினார். ஸ்பிரிட் கூடாது என்றால் எதைப் போடுவது? ஒரே புரோபை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் இடையில் இருபது நிமிடம் ஊறவைப்பது நடக்கிற காரியமா?

வாளையாறு_கணவாய், மார்ச் 3, இரவு 10.55

மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பதுதான் எனக்கும் தொழில் என்பதால், உங்களிடம் வந்தவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். புரோபின் நுனியில் நீங்கள் தொடும் அந்த மெத்தென்ற பரப்பு, சிலிக்கோன் ரப்பரால் ஆன ஒலி வில்லை (லென்ஸ்). அதற்குக் கீழே ஒலியை உடலுக்குள் இணக்கமாகச் செலுத்தும் மெல்லிய அடுக்குகளும், அவற்றுக்கும் கீழே மின்னழுத்தம் பட்டால் அதிரும் படிகத் துண்டுகளும் வரிசையாக இருக்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட அந்தத் துண்டுகளைத் தாங்குவது பசைதான். சாராயம் கலந்த எதையும் நாள்தோறும் பத்து முறை பூசினால் ரப்பர் உலர்ந்து விறைக்கும், மஞ்சளாகும், பின்னர் விளிம்பில் பசை விட்டுப்போகும். திரையில் விழும் கறுப்புக் கோடு, அந்த இடத்தில் உள்ள சில படிகத் துண்டுகள் பேசாமல் போய்விட்டன என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். ஜெல்லை மிக மெல்லிதாகத் தடவி, ஒரு பேப்பர் கிளிப்பின் கம்பியை வில்லையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நகர்த்துங்கள். கம்பி இருக்கும் இடத்தில் திரையில் ஒளிக்கீற்று இறங்க வேண்டும், இறங்காத இடத்தில் துண்டு செத்துவிட்டது என்று பொருள்.

அந்தக் கறுப்புக் கோட்டைக் காட்டிலும் முக்கியமானது வெடிப்பு. நகம் இடறும் அளவுக்கு வெடிப்பு இருந்தால் அந்தப் புரோபை இன்றைக்கே ஒதுக்கிவையுங்கள். படம் தெளிவாகத் தெரிகிறதே என்று பார்க்க வேண்டாம். வெடிப்புக்குள் புகும் கிருமியை எந்தத் திரவமும் எட்டாது என்பது ஒரு காரணம். ஈரமான உட்பரப்பில் வைக்கும் கருவியிலிருந்து மின்கசிவு ஏற்படலாம் என்பது இன்னொன்று. கசிவு மின்னோட்டத்தை அளந்து பார்க்காமல் அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

2020-இல் கொரோனா வந்தபோது கைக்குப் போடும் சானிட்டைசரையே புரோபிலும் பூசிவிட்டு, அடுத்த ஆண்டில் எங்களை அழைத்த மையங்கள் எத்தனையோ. நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்துவிடலாமா என்று கேட்டவர்களும் உண்டு. 121 டிகிரியில் பசை பிளந்துவிடும். படிகங்களும் தம் குணத்தை இழக்கக்கூடும். எந்தத் திரவம் ஆகும், எது ஆகாது என்பதற்கு ஒவ்வொரு புரோபுக்கும் தயாரிப்பாளர் தனிப் பட்டியல் வைத்திருப்பார். ஒரே இயந்திரத்தில் மாட்டும் இரண்டு புரோபுகளுக்குக்கூடப் பட்டியல் மாறும். ஆகையால் பின்புறம் பொறித்திருக்கும் மாதிரி எண்ணைக் கொண்டுதான் தேட வேண்டும்.

குமுளிச்சந்தை, மார்ச் 4, காலை 7.10

நான் எல்லையோர ஊர் ஒன்றில் மகப்பேறு மருத்துவம் பார்க்கிறேன். ஸ்பிரிட் கெடுதி என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒவ்வொருவருக்கும் புதிய ஆணுறை போடுகிறோம். புரோப் நோயாளியின் உடலைத் தொடுவதே இல்லை. தொடாத ஒன்றை ஊறவைத்து ஊறவைத்து எடுப்பது, நனையாத குடையை வெயிலில் உலர்த்துவது போல இருக்கிறது. மாலையில் ஒருமுறை போதும் என்பது இருபது ஆண்டுகளாக என் வழக்கம். எனக்குத் தெரிந்து யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

கல்பாத்தி, மார்ச் 4, பிற்பகல் 2.25

கதிரியல் துறையில் இருப்பவள் என்ற முறையில், குமுளி மருத்துவர் ஐயாவின் குடையிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் குடை நனைவது உண்டு. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டியில், பயன்படுத்திய பிறகு உறைகளைச் சோதித்தபோது ஆணுறைகளில் ஓட்டை விழுந்தவை 0.9, 2 சதவீதம் என்று இரு கணக்குகளும், புரோபுக்கென்றே விற்கப்பட்ட இரு நிறுவனங்களின் உறைகளில் 75, 81 சதவீதம் என்ற கணக்கும் பதிவாகியுள்ளன. ஆணுறையே மேல் என்பது நமக்கு ஆறுதலான செய்திதான். ஆயினும் சித்தூர்ப்புழையின் மையத்தில் நாளைக்குப் பத்துப் பேர் என்றால், அந்தச் சிறிய சதவீதமே வாரத்துக்கு ஒருவர் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருவர் என்று வந்து நிற்கிறது. அந்த ஒருவர் யார் என்பது கழற்றும்போது கண்ணுக்குத் தெரியாது.

உறை கிழியாமலே இருக்கட்டும். கழற்றுகிற கையுறை எதைத் தொடுகிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள். உறையை உருட்டிக் கழற்றிய அதே விரல்கள் புரோபின் கைப்பிடியைப் பிடித்து, டிஷ்யூவை எடுத்து, கேபிளை ஒதுக்கி, சில சமயம் விசைப்பலகையில் ‘ஃப்ரீஸ்’ பொத்தானையும் அழுத்திவிடுகின்றன. ஊறவைப்பது நுனியை மட்டும்தான். கைப்பிடி எந்தத் திரவத்திலும் நனைவதில்லை. அதையும் ஒவ்வொரு முறையும் துடைத்தாக வேண்டும்.

‘எனக்குத் தெரிந்து ஒன்றும் ஆனதில்லை’ என்பதைப் பற்றி ஒன்று. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பில் ஏழு நாள்கூடத் தாக்குப்பிடிக்கும். அந்த நோய் வெளியே தெரிய வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்களும் ஆகும். ஸ்கேன் எடுத்துப் போனவர் மூன்று மாதம் கழித்து மஞ்சள் காமாலை என்று வேறு மருத்துவமனையில் படுத்தால் அதை நம் புரோபோடு சேர்த்து யார் நினைப்பார்கள்? பிரிட்டனில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் முகமை 2012-இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. உணவுக்குழாய் வழியாக இதயத்தைப் பார்க்கும் எக்கோ புரோபை நோயாளிகளுக்கு இடையில் முறையாகக் கிருமிநீக்கம் செய்யாததோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட ஹெபடைட்டிஸ் பி தொற்றால் ஒருவர் இறந்ததே அதற்குக் காரணம்.

நாம் பின்பற்றும் அளவுகோல் புதிதல்ல. ஃபிலடெல்பியாவில் நுண்ணுயிரியல் ஆசிரியராக இருந்த ஏர்ல் ஸ்பால்டிங் 1957-இல் வகுத்த பிரிவினைதான் இன்றும் நடைமுறையில் உள்ளது. காயமில்லாத தோலை மட்டும் தொடும் கருவிக்குக் கீழ்நிலைக் கிருமிநீக்கம் போதும்; சளிச்சவ்வையோ புண்பட்ட தோலையோ தொடுவதற்கு உயர்நிலைக் கிருமிநீக்கம் வேண்டும்; உடலின் தூய திசுக்களுக்குள் போவது முற்றிலும் கிருமியற்றதாக இருக்க வேண்டும். டி.வி.எஸ். புரோப் இரண்டாவது வகை. உறை போட்டதால் அது முதல் வகைக்கு இறங்கிவிடாது. வயிற்றுப் புரோப் முதல் வகைதான், ஆனால் சிசேரியன் தையல் இன்னும் ஆறாத பெண்ணின் வயிற்றில் வைத்த அன்று அதுவும் மேலே ஏறிவிடுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சித்தூர்ப்புழை, மார்ச் 4, இரவு 9.15

டாக்டரம்மாவுக்கும் வாளையாறு ஐயாவுக்கும் நன்றி. பேப்பர் கிளிப்பை நகர்த்திப் பார்த்தேன். இரண்டு இடங்களில் கீற்று இறங்கவில்லை, நகமும் இடறுகிறது. மருத்துவரிடம் காட்டியதும் அவரே கேபிளைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். மாற்றுப் புரோப் வரும்வரை உட்புறப் பரிசோதனைக்கு வருபவர்களைப் பாலக்காட்டுக்கு அனுப்புகிறோம். புதியது வந்தவுடன் பழைய பிழையைத் திரும்பச் செய்யாமல் இருக்க, அந்தப் பச்சைத் திரவத்தைப் பற்றிக் கேட்கிறேன். நாங்கள் அதைச் ‘சைடெக்ஸ்’ என்போம். இருபது நிமிடம் என்று ஒருவரும் ஐந்து நிமிடம் என்று இன்னொருவரும் பன்னிரண்டு என்று மூன்றாமவரும் சொல்கிறார்கள். நிறம் பச்சையாக இருக்கும் வரை வீரியம் இருக்கிறது என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது.

தேயிலைக்காடு, மார்ச் 5, காலை 6.30

மூணாற்றுப் பக்கம் ஒரு தோட்ட மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராக இருக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வியில்தான் பாதிக் குழப்பமும் இருக்கிறது. நம் ஊர்களில் ‘சைடெக்ஸ்’ என்பது ஒரு திரவத்தின் பெயராக இல்லாமல் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. ஒன்று குளுட்டரால்டிஹைடு, ஏறத்தாழ 2 சதவீதம். கூடவே வரும் ஆக்டிவேட்டரைக் கலந்த பிறகுதான் வேலை செய்யும், அப்போதுதான் பச்சையாகும். மற்றொன்று ஓ.பி.ஏ. எனப்படும் ஆர்த்தோ தாலால்டிஹைடு, 0.55 சதவீதம், கலக்காமல் அப்படியே ஊற்றுவது. முதலாவதற்குப் பல கேன்களில் 20 நிமிடம் என்றும், சிலவற்றில் 25 டிகிரியில் 45 நிமிடம் என்றும் அச்சிட்டிருக்கும். இரண்டாவதற்கு அமெரிக்க லேபிளில் 20 டிகிரியில் 12 நிமிடம், வேறு சில நாடுகளின் லேபிளில் 5 நிமிடம். மூன்று பேர் மூன்று கணக்குச் சொன்னதற்கு இதுதான் காரணம். உங்கள் கையில் இருக்கும் கேனின் லேபிளில் என்ன இருக்கிறதோ அதுவே உங்களுக்குச் சட்டம்.

பச்சை நிறம் ஆக்டிவேட்டர் கலந்தாகிவிட்டது என்பதை மட்டுமே சொல்லும். ஒவ்வொரு முறையும் சொட்டச் சொட்ட ஈரத்தோடு புரோபை உள்ளே வைக்கிறோம். அந்தத் தண்ணீர் சேர்ந்து சேர்ந்து திரவம் நீர்த்துப்போகும், நிறமோ அப்படியே இருக்கும். பதினான்கு நாள் என்பது அதிகபட்ச எல்லை. அதற்கு முன்பே தளர்ந்துவிட்டதா என்பதைச் சோதனைத் தாளை நனைத்து மட்டுமே அறிய முடியும். குளுட்டரால்டிஹைடு தாள் ஓ.பி.ஏ.வுக்கு ஆகாது, அதுபோலவே மாற்றியும், வாங்கும்போது கவனியுங்கள்.

இனி நான் பட்டு அறிந்த ஒன்று. லேபிளில் நிமிடத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வெப்பநிலை எழுதியிருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. எங்கள் ஊரில் டிசம்பர், ஜனவரி காலைகளில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. ஒரு நாள் வெறும் ஆர்வத்தால் அறை வெப்பமானியைத் திரவம் ஊற்றிய தட்டுக்குள் விட்டுப் பார்த்தேன், 14 டிகிரி காட்டியது. இத்தனை குளிர்காலங்களாக ‘20 டிகிரியில்’ என்று எழுதிய நேரத்தை 14 டிகிரியில் கடைப்பிடித்துவிட்டு, கடிகாரம் பார்த்துச் சரியாகச் செய்தோம் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறோம். இப்போது அறையை ஹீட்டரால் சூடாக்கிய பிறகே தட்டைத் திறக்கிறோம். திரவத்தை நேரடியாகச் சூடாக்கக் கூடாது. ஆவி அதிகமாகி மூச்சுக் குழலை அரிக்கும்.

பாலக்காட்டு வெயிலில் உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பீர்கள். ஸ்கேன் அறையில் ஏ.சி. எத்தனை டிகிரியில் ஓடுகிறது, தட்டு எந்த அறையில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

செங்கோட்டைக்காரி, மார்ச் 5, காலை 11.50

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பதால் மாதத்தில் நான்கைந்து முறை இந்தப் பரிசோதனைக்குப் போகிறேன். (முதல் முறை ‘டி.வி.எஸ். எடுக்கணும்’ என்றபோது என் மாமியார் வண்டி வாங்கச் சொல்கிறார்கள் என்றே நினைத்துவிட்டார்.) படுத்திருக்கும் நிலையில், “புரோபைச் சுத்தம் செய்தீர்களா?” என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை, கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம். எதைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்?

கல்பாத்தி, மார்ச் 5, மாலை 4.05

தாராளமாகக் கேளுங்கள் அம்மா, கோபிப்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். படுப்பதற்கு முன், உட்கார்ந்திருக்கும்போதே, “எனக்கு முன்னால் ஒருவர் போனாரே, புரோபை ஊறவைத்து எடுத்தாயிற்றா?” என்று இயல்பாகக் கேட்கலாம். உறையை உங்கள் கண்முன் பிரித்துப் போடுகிறார்களா, புரோப் ஈரமில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். லேட்டக்ஸ் கையுறை அல்லது பலூன் பட்டால் உங்களுக்கு அரிப்போ தடிப்போ வருவதுண்டு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், லேட்டக்ஸ் அல்லாத உறை உண்டு. புரோபிலிருந்து மூக்கை அரிக்கும் மருந்து நெடி வந்தால் அலசல் போதவில்லை என்று பொருள். அதைச் சுத்தத்தின் வாசனை என்று எண்ண வேண்டாம்.

குமுளிச்சந்தை, மார்ச் 5, இரவு 8.45

டாக்டரம்மாவின் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. ஓட்டை விழும் என்று ஏற்ற பிறகு மாலையில் ஒருமுறை என்பதற்கு நியாயம் சொல்ல முடியாது. என் வழக்கத்தை மாற்றியாக வேண்டும். ஆனால் நடைமுறைக் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள். கழுவ மூன்று நிமிடம், ஓ.பி.ஏ.வில் பன்னிரண்டு, அலச மூன்று, துடைத்து உலர்த்த இரண்டு என்றால் இருபது. புறநோயாளிப் பிரிவில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது, மணிக்கு மூன்று உட்புறப் பரிசோதனைக்கு மேல் செய்ய முடியாது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியால் ஏழு நிமிடத்தில் முடித்துத் தரும் இயந்திரம் இருப்பது எனக்கும் தெரியும். விலையைக் கேட்டுவிட்டு வந்தவன் நான். இரண்டாவது புரோப் வாங்குவதும் எங்களைப் போன்றவர்களுக்கு எளிதல்ல.

கல்பாத்தி, மார்ச் 5, இரவு 10.20

இரண்டாவது புரோப்தான் நேர்மையான விடை, அதில் எனக்கு ஐயமில்லை. அதை வாங்கும்வரை எங்கள் பழைய மையத்தில் செய்ததைச் சொல்கிறேன். நீங்களும் அறிந்ததுதான்: வயிற்றின் மேலே வைத்து இடுப்புப் பகுதியைப் பார்க்கச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும், உள்ளே வைத்துப் பார்க்க அது காலியாக இருக்க வேண்டும். ஒருவருக்கே இரண்டும் செய்வதாக இருந்தால், மேலே பார்த்து முடித்ததும் அவர் கழிப்பறைக்குப் போய்வர எப்படியும் நேரமாகும். முன்னவருக்குப் பயன்பட்ட டி.வி.எஸ். புரோப் தட்டில் ஊறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், இவருக்கு வயிற்றின் மேலே வைத்துப் பார்ப்பது, இவர் போய்வருவதற்குள் இன்னொரு கர்ப்பிணியின் வளர்ச்சி ஸ்கேன் என்று மாற்றி மாற்றி அழைத்தால், அறையில் யாரும் சும்மா உட்கார வேண்டியதில்லை. வரவேற்பில் டோக்கன் கொடுப்பவரிடம் இரண்டு நிறத்தில் டோக்கன் கொடுத்து, ஒரே நிறத்தை அடுத்தடுத்து அனுப்பாதே என்று சொன்னோம். முதல் வாரம் சண்டை; “எனக்குப் பின்னால் வந்தவள் எப்படி முன்னால் போனாள்?” என்பதற்கு மலையாளத்திலும் தமிழிலும் பதில் சொல்லித் தீரவில்லை. பிறகு பழகிவிட்டது.

நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று முதல் மூன்று நிமிடத்தில் கைவைக்காதீர்கள். ஜெல் ஒட்டியிருக்கும் இடத்துக்குள் எந்தத் திரவமும் போகாது. குளுட்டரால்டிஹைடு புரதத்தை அங்கேயே இறுக்கி ஒட்டவைத்துவிடும். நுனிக்கும் தண்டுக்கும் இடையில் உள்ள பொருத்துவாய், ஊசி செலுத்தும் வழிகாட்டியை மாட்டும் பள்ளம் ஆகிய இடங்களில் மென்மையான தூரிகையால், நொதி கலந்த சோப்பு நீரில், ஓடும் தண்ணீருக்கு அடியில் தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகு உலர்த்திவிட்டே தட்டில் வைக்க வேண்டும்.

இன்னொரு விவாதத்தையும் மறைக்கக் கூடாது. கருப்பைவாய்ப் புற்றுநோயோடு தொடர்புடைய எச்.பி.வி. வைரஸின் 16-ஆம் வகை குளுட்டரால்டிஹைடுக்கும் ஓ.பி.ஏ.வுக்கும் மசிவதில்லை என்று 2014-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. பின்னர் வந்த ஆய்வுகள் சில அதை மறுத்தன. பெராக்சைடு ஆவி இயந்திரங்களுக்கு வரவேற்புக் கூடியதற்கு இந்த ஐயமும் ஒரு காரணம். என் வரையில், இதைக் காரணம் காட்டி ‘திரவத்தில் ஊறவைப்பதே வீண்’ என்று விட்டுவிடுவதை ஏற்க மாட்டேன். உறையும் தேய்த்துக் கழுவுதலும் மேலும் கறாராக வேண்டும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வாளையாறு_கணவாய், மார்ச் 6, காலை 8.00

ஊறவைப்பதில் எங்களுக்கு வரும் பழுதுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டு ஆழமாக இருந்தால் புரோப் கைப்பிடி வரை மூழ்கிவிடும். எது வரை மூழ்கலாம் என்று கையேட்டில் கோடு போட்ட படம் இருக்கும். ஆழமான தட்டுக்குப் பதில், புரோபைச் செங்குத்தாக நிறுத்தும் உயரமான குறுகிய குவளையை வாங்குங்கள், திரவமும் குறைவாகப் போதும். இயந்திரத்தில் மாட்டும் இணைப்பான் ஒரு சொட்டு நீர்கூடப் படக் கூடாத இடம். ‘நீண்ட நேரம் ஊறினால் நல்லதுதானே’ என்று இரவு முழுதும் விட்டுவிட்டுப் போவது மகா பிழை. காலையில் வில்லை உப்பியிருக்கும்.

கிழக்குப் பாலக்காட்டுக்கென்று ஒரு சொல்: உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பாத்திரம் கழுவினாலே வெள்ளைத் திட்டு படியும். அதே தண்ணீரில் கடைசி அலசலைச் செய்தால் வில்லையிலும் படியும். கடைசி அலசலுக்காவது வடிகட்டிய நல்ல தண்ணீரை வையுங்கள்.

தேயிலைக்காடு, மார்ச் 6, மாலை 5.40

அலசல் என்று சொன்னதால்: ஓ.பி.ஏ.வுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதிய தண்ணீரில் குறைந்தது ஒரு நிமிடம் வீதம். விரலில் பட்டால் சாம்பல் நிறக் கறை விழும். அலசாமல் விட்ட மிச்சம் உள்ளே இருக்கும் மென்சவ்வையும் அப்படித்தான் செய்யும். கையில் நைட்ரைல் கையுறை, தட்டுக்கு மூடி, அறைக்கு எக்ஸாஸ்ட் விசிறி ஆகியவை இல்லாமல் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். சுவரில் மாட்டும் ஏ.சி. அதே காற்றைச் சுழற்றிக்கொண்டிருக்கும், வெளியே தள்ளாது. மூன்றாண்டு மூடிய அறையில் குளுட்டரால்டிஹைடோடு இருந்துவிட்டு இன்றைக்கு இன்ஹேலர் வைத்திருக்கும் ஒருத்தி எழுதுகிறேன்.

ஜெல்லைப் பற்றி யாருமே பேசவில்லை. ஐந்து லிட்டர் கேனிலிருந்து சிறிய பாட்டிலில் நிரப்பி, பாதி தீர்ந்ததும் மேலேயே நிரப்பி, ஆண்டுக்கணக்கில் அடி காயாத பாட்டில்களை நான் பார்த்திருக்கிறேன். இளகுவதற்காகத் தண்ணீர் கலப்பதும் உண்டு. சூடோமோனாஸ், பர்க்கோல்டேரியா போன்ற பாக்டீரியாக்கள் ஜெல்லில் இருந்து நோயாளிகளுக்குப் பரவிய நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. சிலவற்றில் தொழிற்சாலையிலிருந்து வந்த ஜெல்லிலேயே கிருமி இருந்தது. பாட்டில் மூக்கு யார் தோலையும் தொடக் கூடாது, காலியான பாட்டிலைக் கழுவி முழுதும் காயவைக்காமல் நிரப்பக் கூடாது, ஊசி குத்தும் வேலைகளுக்கும் உட்புறப் பரிசோதனையில் உறைக்கு வெளியே தடவுவதற்கும் கிருமியற்ற சிறு பொட்டல ஜெல்லே வேண்டும். ஜெல் தீர்ந்த நாளில் தேங்காய் எண்ணெயைத் தடவிப் பார்த்த ஒரு மருத்துவமனையும் எனக்குத் தெரியும். எண்ணெய் பட்டால் ஆணுறை நைந்து கிழியும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

சித்தூர்ப்புழை, மார்ச் 24, இரவு 9.05

இடைவெளிக்கு மன்னிக்கவும். புதிய புரோப் வந்து பத்து நாள் ஆகிறது. தேயிலைக்காடு அக்கா கேட்டதை அன்றைக்கே பார்த்தேன்: ஸ்கேன் அறையில் ஏ.சி. 18-இல் ஓடுகிறது, தட்டு அதன் காற்று நேராகப் படும் மேசையில் இருந்தது, வெப்பமானி 19-க்கு மேல் ஏறவே இல்லை. வெளியே ரோட்டில் 38 டிகிரி! இப்போது தட்டைப் பின்கட்டில், சன்னல் உள்ள சிறிய அறைக்கு மாற்றி, எக்ஸாஸ்ட் விசிறியும் மாட்டியாயிற்று. அங்கே 27-க்குக் குறைவதில்லை. ஓ.பி.ஏ.வுக்கு மாறிவிட்டோம், புரோபின் பட்டியலில் அது இருக்கிறது.

சோதனைத் தாள் ஒன்பதாம் நாளே ‘போதாது’ என்று காட்டியது. பதினான்கு நாள் ஆகவில்லையே என்று மருத்துவர் இன்னொரு தாளை நனைத்துப் பார்த்தார், அதுவும் அப்படியே. நான் புரோபைத் துடைக்காமல் ஈரத்தோடு வைத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கிளைசின் கலந்து செயலிழக்கச் செய்து கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினோம். கழற்றிய ஆணுறைகளும் கையுறைகளும் இதுவரை எந்தப் பை கையில் கிடைக்கிறதோ அதில் போய்க்கொண்டிருந்தன. இப்போது சிவப்புப் பையில்தான் போகின்றன.

இரண்டு நிற டோக்கனும் நடக்கிறது, சண்டையும் நடக்கிறது. செய்முறையை ஆங்கிலத்தில் அச்சடித்து ஒட்டியிருந்ததை எடுத்துவிட்டு, மலையாளத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றும் கையால் எழுதி ஒட்டினேன்; புரோபைக் கழுவுகிற அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும், பதினோரு ஆண்டாக அந்த ஆங்கிலத் தாளுக்கு அடியில்தான் அவர் நின்று கழுவிக்கொண்டிருந்தார்.

ஒரு நோட்டும் போட்டிருக்கிறோம்: புரோப் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், தட்டின் வெப்பம், தாளின் முடிவு, கையெழுத்து. கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994 சட்டத்துக்காக ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் எஃப் எழுதுகிறோம், அதில் ஒரு கட்டம் விடுபட்டாலும் இயந்திரத்துக்கு முத்திரை வைத்துவிடுவார்களோ என்று நடுங்குவோம். அந்தப் படிவக் கட்டுக்குப் பக்கத்திலேயே இந்த நோட்டை வைக்கும்படி மருத்துவர் சொன்னார். நேற்று அவரே அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை 11.40-க்கு உள்ளே போன புரோப் எப்போது வெளியே வந்தது என்று கேட்டார். அந்தக் கட்டத்தை நான் எழுதாமல் விட்டிருந்தேன்.